அந்த அட்டைப்பெட்டிகளை வீசாதீர்கள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 4கே டிஸ்க் வாங்கிச் சேர்க்கும் ஆசை. மாதம் தவறாமல் ஒன்றோ இரண்டோ வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒன்றுக்கு 700 ரேண்ட் வரை ஆகிறது. ஓடுவது மகனுடைய பிளேஸ்டேஷன் 5-இல். "மாசாமாசம் சந்தா கட்டுறோமே, எல்லாம் அதுலயே இருக்கேப்பா" என்கிறான் மகன். அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. இப்போது கூடத்து அலமாரி நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வெளியே இருக்கும் அவுட்பில்டிங்கில் என் மாமனார் விட்டுப்போன விஎச்எஸ் கேசட்டுகளும் தமிழ் டிவிடிகளும் அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றை வீசிவிட்டு அங்கே அலமாரி போடலாம் என்கிறார். பெரும்பாலும் பழைய படங்கள்தான். ஆனால் எங்கள் கல்யாண கேசட்டும் மாமனார் காவடி எடுத்த கேசட்டும் அதற்குள்தான் எங்கோ இருக்கின்றன. டிஸ்க் வாங்குவது வீண் செலவா? டர்பன் ஈரத்தில் இவை தாங்குமா? போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செட்டில் ஒரு டிஸ்க் ஓடியது, இன்னொன்று ஓடவில்லை. ஏன்?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டைப்பெட்டிகளை யாரும் வீச வேண்டாம். முடிந்தால் இந்த வாரக் கடைசியிலேயே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

டிஸ்க் வாங்குவது வீண் செலவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் உண்மையான வித்தியாசம்தான். ஓடிடியில் "4கே" என்று போட்டிருந்தாலும் படம் வந்து சேர்வது பெரும்பாலும் வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகத்தில். 2016-இல் சந்தைக்கு வந்த 4கே டிஸ்க்கில் 66 அல்லது 100 ஜிபி வரை இடம் இருக்கிறது. வேகம் வினாடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டவும் வழி உண்டு. இரண்டரை மணி நேரப் படம் 16 மெகாபிட் வேகத்தில் வந்தால் மொத்தம் 18 ஜிபி. அதே படம் டிஸ்க்கில் 60 மெகாபிட் வேகத்தில் ஓடினால் 67 ஜிபிக்கு மேல். புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஓடிடியில் அந்தப் புள்ளிகளுக்கு வேண்டிய விவரத்தில் பெரும்பகுதியைச் சுருக்கி எடுத்துவிடுகிறார்கள்.

பகல் வெளிச்சக் காட்சியில் இது சட்டென்று தெரியாது. கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஓர் இரவுக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஒரே விளக்கு எரியும் அறை, பின்னால் இருட்டுச் சுவர். ஓடிடியில் அந்தச் சுவர் பட்டை பட்டையாகப் பிரியும். நடிகர் நகரும்போது நிழலுக்குள் கட்டம் கட்டமாக ஏதோ நெளியும். டிஸ்க்கில் சுவர் சுவராகவே இருக்கும், பூச்சில் விழுந்த கீறல் வரை தெரியும். ஒலியும் அப்படித்தான். டிஸ்க்கில் இருப்பது குறைக்காத முழு ஒலித்தடம், ஓடிடியில் வருவது சுருக்கியது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டால் இந்த வேறுபாடு பிடிபடாது. நல்ல ஸ்பீக்கர் வைத்திருந்தால் பிடிபடும்.

மகன் சொல்வதில் பாதி சரி. ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடும் படத்துக்குச் சந்தாவே போதும், அதற்கு 700 ரேண்ட் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் "எல்லாம் அதுலயே இருக்கே" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உரிமக் காலம் முடிந்தால் படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். காசு கொடுத்து "வாங்கிய" படத்துக்கும் இதே கதிதான். 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷனின் இணையக் கடையில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கியவர்களுக்கே, அவை உங்கள் நூலகத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு புது ஒப்பந்தம் போட்டு அதைக் கைவிட்டார்கள் என்றாலும், அவர்கள் வாங்கியது படத்தை அல்ல, பார்க்கும் அனுமதியை மட்டுமே என்பது அன்று வெட்டவெளிச்சமானது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் இதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. டிஸ்க்கை உங்கள் அலமாரியிலிருந்து யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. லோட்ஷெட்டிங் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-ஐ நினைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளில்கூட செல்போன் கோபுரம் செத்ததும் இணையம் போய்விடும். டிஸ்க்குக்கு இணையமே வேண்டாம்.

இனி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியது. "4கே" என்று உறையில் அச்சடித்ததெல்லாம் 4கே அல்ல. 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள் ஏராளமான படங்களின் இறுதிப் பிரதியை 2கே அளவில்தான், அதாவது 4கே-யின் கால்வாசிப் புள்ளிகளோடுதான் முடித்தார்கள். அதைப் பெரிதாக்கித்தான் இப்போது டிஸ்க்கில் விற்கிறார்கள். வண்ணமும் வெளிச்சமும் கொஞ்சம் மேம்படும், நுணுக்கம் பெரிதாகக் கூடாது. அவற்றுக்குச் சாதாரண ப்ளூ-ரே போதும், விலையும் குறைவு. மாறாக, ஃபிலிமில் எடுத்து, மூல நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்த பழைய படங்கள் இந்த டிஸ்க்கில்தான் தங்கள் முழு அழகையும் காட்டும், கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும். தகர உறைக்காக இருநூறு ரேண்ட் அதிகம் கொடுப்பதை அவர் விட்டுவிடலாம். உள்ளே இருப்பது அதே டிஸ்க்தான்.

சத்யஜித் ரேயின் அப்பு படங்கள் மூன்றும் இப்போது 4கே டிஸ்க்கில் கிடைக்கின்றன. அவற்றின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகிப்போனவை. கருகிய சுருள்களை வீசாமல் ஓர் ஆவணக் காப்பகம் பத்திரமாக வைத்திருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு அவற்றை மெதுவாக நெகிழவைத்து, தேறிய பகுதிகளை ஸ்கேன் செய்து, தேறாத இடங்களை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பி 2015-இல் மீட்டெடுத்தார்கள். அப்போதே யாராவது "இது எதற்கு உதவும்" என்று குப்பையில் போட்டிருந்தால் இந்த டிஸ்க் இல்லை.

தமிழுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூடக் கிடையாது. பிறகு வந்தவற்றிலும் நல்ல பிரதி மிஞ்சியவை குறைவு. 4கே டிஸ்க்கில் வந்திருக்கும் தமிழ்ப் படங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே சகோதரி, உங்கள் வீட்டுத் தமிழ்ப்பட நூலகம் கூடத்து அலமாரியில் இல்லை, அவுட்பில்டிங்கில் இருக்கிறது.

அதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட டிவிடிகளில் ஆங்கில வசனம் கீழே ஓடும். டர்பனில் தாத்தா பாட்டியின் தமிழ் பேரப்பிள்ளைகளுக்குப் பாதிதான் எட்டுகிறது, நம் பல வீடுகளில் இதுதான் நிலை. அந்த வசன வரிதான் பிள்ளைகளைப் படத்தோடு உட்கார வைத்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் படங்களில் பலவற்றுக்கு அது இல்லை. சிலவற்றில் பாட்டை வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் அகலத்திரைப் படத்தின் இரு ஓரத்தையும் நறுக்கி டிவிக்குப் பொருத்தியிருப்பார்கள். திரும்ப வாங்கலாம் என்றாலும் இங்கே கடை ஏது? பாட்டும் படமும் விற்ற மியூசிகா கடைகளே 2021-இல் மூடிவிட்டன.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கல்யாண கேசட்டையும் காவடி கேசட்டையும் தேடி எடுங்கள். மற்ற படங்களுக்கு உலகத்தில் எங்காவது இன்னொரு பிரதி இருக்கலாம். இவை இரண்டுக்கும் இல்லை. கேசட்டின் முன்பக்க ஜன்னல் வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ புள்ளியோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை எந்தக் காரணத்துக்காகவும் விசிஆரில் போடாதீர்கள்; சுருளும் கெடும், இயந்திரத்துக்குள்ளும் பூஞ்சை பரவி அடுத்த கேசட்டைக் கெடுக்கும். அதைத் தனியாக எடுத்து, ஈரமில்லாத அறையில் வைத்து, இதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருக்கும் கேசட்டில், முதுகுப் பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது.

கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஃபுனாயும் 2016-இல் நிறுத்திவிட்டது. இப்போது ஓடுவதெல்லாம் பழைய இயந்திரம், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். நம் நாட்டு கேசட்டுகள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிவானவை. 720-க்கு 576 என்ற அளவில், வினாடிக்கு 25 ஃபிரேமாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வேறு அளவில் இழுத்துவிட்டால் முகமெல்லாம் சப்பையாகிவிடும். ஏற்றிய கோப்பு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று நாத்தனார் வீட்டிலோ தம்பி வீட்டிலோ. ஏற்றிய பிறகும் மூலக் கேசட்டை வைத்திருங்கள்.

டிவிடிகளை அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ இருந்தால் ஆலையில் அச்சடித்தது, நெடுநாள் நிற்கும். ஊதா நிறம் அடித்தால் அது வீட்டிலோ கடையிலோ பதிவுசெய்தது. உள்ளே இருக்கும் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கிக்கொண்டே வரும். குடும்ப விழா ஏதாவது ஊதா டிஸ்க்கில் இருந்தால் கேசட்டுக்கு அடுத்தபடியாக அதையும் நகலெடுங்கள்.

டர்பன் ஈரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். டிஸ்க் தாங்கும், உறைக்குள் இருக்கும் காகிதமும் கேசட்டும்தான் தாங்காது. அவுட்பில்டிங், காரேஜ், தகரக் கூரைக்குக் கீழே எதுவும் ஆகாது. வெளிச்சுவரை ஒட்டாமல், வெயில் நேரே விழாத உள்சுவர் ஓரமாக, நிற்க வைத்து அடுக்குங்கள். ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவைத்தால் நல்லது. அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். 100 ஜிபி டிஸ்க்குகள் சில சமயம் விரல் ரேகைக்கே திணறி நடுவில் நின்றுவிடும். ப்ளூ-ரேயிலும் 4கே டிஸ்க்கிலும் பதிவு இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் அது 0.6. மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓப்போ 2018-இல் பிளேயர் தயாரிப்பை விட்டது, சாம்சங் 2019-இல் பின்வாங்கியது, எல்ஜியும் 2024-இல் நிறுத்திவிட்டது. சோனியும் பானசோனிக்கும் இன்னும் களத்தில் இருக்கின்றன. இப்போதைக்குப் பிளேஸ்டேஷனே போதும், காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சரிசெய்யும் டால்பி விஷன் மட்டும் அதில் வராது. டிவியில் பிளேஸ்டேஷன் வயரைச் செருகும் எச்டிஎம்ஐ துளைக்கான உயர்தர அமைப்பு இயங்குகிறதா என்று மகனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பல டிவிகளில் அது அணைந்தேதான் வரும், முழு வண்ணம் கிடைக்காது.

வீட்டுக்காரரிடம் சண்டை வேண்டாம். மூன்று மாதம் புது டிஸ்க் வாங்குவதை நிறுத்திவைத்து, அந்தக் காசில் அப்பாவின் கேசட்டுகளை முதலில் காப்பாற்றுவோம் என்று கேளுங்கள். படத்தின் மேல் இவ்வளவு ஆசை வைத்திருப்பவருக்கு இது புரியாமல் போகாது. அந்த ஆசை யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அந்தப் பெட்டிகளே சாட்சி.

கடைசியாக, ஓடாத டிஸ்க். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு, அதாவது இந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் மட்டும்தான் ஓடும் என்ற கட்டுப்பாடு, கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். ஆனால் அமெரிக்க செட்டில் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரே பல சமயம் 'ஏ' மண்டலத்துக்குப் பூட்டியதாக இருக்கும், நம் நாடு 'பி', இந்தியா 'சி'. உங்களிடம் ஓடியது 4கே, ஓடாதது ப்ளூ-ரே என்று நினைக்கிறேன், டிஸ்க் கெட்டுப்போகவில்லை. டிவிடியிலும் இதே சிக்கல் உண்டு: நாம் 2, இந்தியா 5. வெளிநாட்டுத் தமிழருக்கென்று வந்த பல டிவிடிகள் பூட்டில்லாதவை, உறையின் பின்பக்கம் உலக உருண்டைப் படத்துக்குள் அந்தக் குறி இருக்கும். இனி அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால், துணைப் படங்கள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவை அந்தப் பூட்டிய ப்ளூ-ரேயில்தான் இருக்கும். அதே படம் பிரிட்டனிலும் வெளியாகியிருந்தால் அங்கே வாங்குவது நல்லது. அவர்களும் நம்மைப் போல 'பி'தான்.