அடையாற்றங்கரை வீடு: 2015-ல் முழங்கால் அளவுதான் வந்தது என்றால், இனி பயமில்லையா?

நீங்கள் சென்னையில் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பக்கம் தரைத்தளத்தில் இருப்பதாகவும், 2015 வெள்ளம் வீட்டில் முழங்கால் அளவு வந்ததாகவும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். பயம் போகவில்லை; அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டை விற்றுவிட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பீதி கிளப்புவதாகச் சண்டைக்கு வருபவர்கள் முழுதும் படித்துவிட்டு வரட்டும்.

கரையோர வீடுகளில் எல்லாருக்கும் ஒரே கணக்கு: செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள்? 2015 டிசம்பரில் கேட்ட 29,000 கன அடி மனதில் அப்படியே நின்றுவிட்டது. ஏரி திறக்கவில்லை என்று செய்தி வந்தால் தூங்கப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த உபரி நீர் ஆற்றில் சேருவதே திருநீர்மலை அருகில்தான். ஆற்றில் அதற்கும் முன்னாலேயே வரும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்குவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரித் தண்ணீரால். நிரம்பிய ஏரி கலங்கல் (உபரி நீர் வழிந்தோட விட்ட தாழ்வான கரை) வழியாகத் தானே வழியும், யாரும் ஷட்டரைத் திறக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரும் இதே ஆற்றில்தான் வரும், அதனால் தாம்பரத்துக்கு மேற்கே எவ்வளவு மழை என்பதையும் பாருங்கள்.

அடுத்து அந்த முழங்கால். எந்தத் தரையிலிருந்து அளந்தது? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகள் இன்று படியிறங்கும் வீடுகளாகிவிட்டன. சுரண்டிவிட்டுப் போடு என்ற விதி இருந்தும் தெருவுக்குத் தெரு இதே அநியாயம், கேட்க நாதியில்லை. எனவே சாலையை நம்பாதீர்கள். தெருவில் 2015 கறை மிச்சமிருக்கும் சுவரைத் தேடுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்) தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கறையிலும் மறுமுனையை உங்கள் சுவரிலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் குறி போடுங்கள். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தப்பும். இன்வெர்ட்டர், பிளக் பாயிண்ட் எல்லாம் அந்தக் குறிக்கு 2 அடி மேலே போகட்டும்.

‘நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம், வந்துவிட்டுப் போய்விட்டது’ என்பதும் தப்புக் கணக்கு. ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 வருஷ வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம்.

ஆறு வாசலுக்கு வருமுன் சாக்கடை கழிவறை வழியாக எதிர்த்து ஏறும். வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். சம்ப்பை (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) காலியாக விடாதீர்கள்; காலித் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கி விரிசல் விடச் செய்யும். நல்ல தண்ணீரை நிரப்பி மூடியை இறுக்கிவிடுங்கள்.