ஒரு காலில் மூன்று வலி

கோட்டையூரிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவர். இரண்டு வருடமாக வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கால் பெருவிரல் வரை ‘கரண்ட் அடிக்கிற மாதிரி’ இழுக்கிறதாம். இடுப்பிலும் வலி. பதினோரு வருடமாகச் சர்க்கரை. ராத்திரியில் இரண்டு பாதமும் எரிகிறது. எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று எம்ஆர்ஐயில் வந்து, மதுரையில் ஐப்பசி மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். “அதுவரை எப்படித் தாங்குவது? ஆபரேஷனுக்குப் பிறகு வலி முழுசாகப் போய்விடுமா? தைப்பூசத்துக்குப் பழனி நடக்கலாமா?” என்று கேட்கிறார்.

ஆச்சி, நடுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரியாமல் ஆபரேஷனுக்குப் போனவர்கள்தான் பிறகு வந்து “காசைக் கொட்டியும் வலி போகலையே” என்று என்னிடம் உட்கார்ந்து அழுகிறார்கள்.

உங்களுக்கு இருப்பது ஒரு வலி அல்ல, மூன்று. பிட்டத்திலிருந்து பெருவிரலுக்கு ஓடுகிற மின்சார வலி, ஜவ்வு நரம்பை அழுத்துவதால் வருவது. ஆபரேஷன் இதற்காகத்தான். பலருக்கு மயக்கம் தெளிந்த அன்றே இது பாதியாகக் குறைந்திருக்கும். இரண்டாவது, இடுப்பு வலி. வருடக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து தேன்குழல் பிழிந்த இடுப்பு அது. ஜவ்வை எடுத்ததால் மட்டும் அது போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தசைக்கு வலுவேற்றும் பயிற்சிதான் அதற்கு வழி. மூன்றாவது, இரண்டு பாதத்திலும் ஒன்றுபோல வரும் எரிச்சல். ஒரு பக்கம் பிதுங்கிய ஜவ்வு இரண்டு பாதத்தையும் இப்படி எரிய வைக்காது. இது பெரும்பாலும் சர்க்கரை நரம்பைத் தின்பதால் வருவது. மெட்பார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு. ரத்தத்தில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் இந்த எரிச்சலைத் தொடவே தொடாது.

ஒரு நோட்டில் மூன்றையும் தனித்தனியாக எழுதி, தினமும் பத்துக்கு எத்தனை என்று குறித்து வையுங்கள். சர்ஜனிடம் நோட்டைக் காட்டி, “இதில் எது போகும், எது போகாது?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி, அதுவரை தாங்குவது. அடிபட்ட இடம் வலிப்பதும் நரம்பு வலியும் வேறு வேறு. பழைய வீட்டில் வயர் தேய்ந்துபோனால் வாசலில் ஆள் இல்லாமலே அழைப்பு மணி அடிக்கும் அல்லவா, அந்தக் கதைதான். அதனால்தான் கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரை உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும், அதை நிறுத்துங்கள்.

நரம்பைச் சாந்தப்படுத்தும் மாத்திரைகள் வேறு: கபாபென்டின், பிரீகாபலின், டுலாக்ஸெடின், குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். இவை இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் முழுசாக வேலை காட்டும். நாலு நாளில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று தூக்கிப் போடாதீர்கள். அமிட்ரிப்டிலின் சீட்டைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைப் பையன் “இது மனநோய் மாத்திரை” என்பான். மனச்சோர்வுக்கும் கொடுப்பது உண்மைதான். நரம்பு வலிக்கு அதைவிடக் குறைந்த அளவு போதும்.

உங்கள் தொழிலுக்கென்று ஒரு எச்சரிக்கை. இந்த மாத்திரைகள் முதல் வாரத்தில் தலைசுற்றலும் தூக்கமும் கொடுக்கும். அந்த வாரம் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்காரவே வேண்டாம். வேறு யாரையாவது பிழிய விட்டு, நீங்கள் மாவுப் பதம் மட்டும் பாருங்கள். மரத்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரிந்தது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தரையில் மணை போட்டுக் குனிந்து உட்காருவதை இன்றே விடுங்கள். ஜவ்வுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. அடுப்பை மேடைக்கு ஏற்றுங்கள். படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. எழும்போது நேரே எழாமல், பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால் பல சர்ஜன்கள் நாளைத் தள்ளிவைப்பார்கள். புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்ற பயம்தான் காரணம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி வரை காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. சிறுநீர் முட்டியும் வராமல் போனால், தானாகக் கசிந்தால், உட்காரும் இடம் மரத்தால், அன்றே ஆஸ்பத்திரி. நடு ராத்திரியானாலும் சரி. பாதத்தைத் தூக்க முடியாமல் நிலைப்படியில் பெருவிரல் இடறுகிறதா, செருப்பு நழுவியதே தெரியவில்லையா? அதுவும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதி.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பும்போது திருப்பத்தூரில் காரை நிறுத்தி, இறங்கிப் பத்து நிமிஷம் நடங்கள். ஒரே மூச்சாக உட்கார்ந்து வர வேண்டாம். வீட்டில் முற்றத்தைச் சுற்றி நடை. முதலில் ஐந்து நிமிஷம், பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் வழுக்கும். நீங்கள் நடக்கிற நேரத்தில் யாரும் தரை துடைக்க வேண்டாம். சர்ஜன் சொல்லும்வரை, பெரும்பாலும் ஆறு வாரம், குனிவது, திருகுவது, பாரம் தூக்குவது மூன்றும் கூடாது. ஒரு தூக்கு எண்ணெய்கூட.

நாலைந்து நாள் சுகமாக இருந்து, திரும்பவும் கால் இழுக்கும். பலருக்கு இது வருகிறது; உள்ளே இருக்கும் வீக்கம் வடியும் காலம் அது. மரமரப்பு கடைசியாகத்தான் போகும். சேதமான நரம்பிழை வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். உங்கள் இழைகளில் பல வெறுமனே அழுத்தப்பட்டவையாக இருக்கலாம், அவை சீக்கிரம் தெளியும், மீதிக்கு மாதக்கணக்கு. கொஞ்சம் மரமரப்பு அப்படியே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. நரம்பு மாத்திரையை வீட்டுக்கு வந்த மறுநாளே நிறுத்தாதீர்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். காய்ச்சல், புண்ணில் நீர், கெண்டைக்கால் வீக்கம், நன்றாகப் போயிருந்த கால்வலி திடீரென்று அதே வேகத்தில் திரும்புவது: இதில் எது வந்தாலும் மறு பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதம் கழித்தும் காலில் வலி போகாமல் இருந்தால் மறுபடி ஸ்கேன் எடுத்து, ஜவ்வு மீண்டும் பிதுங்கியிருக்கிறதா, தழும்பு நரம்பைச் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நரம்பு வேரில் ஊசி போடுவது போன்ற வழிகள் அப்போதும் உண்டு.

பழனி? இந்தத் தைக்கு வேண்டாம், ஆச்சி. காரில் குன்றக்குடி வரை போய்க் காவடிகளை வழியனுப்பி வையுங்கள். அடுத்த வருடம் நடக்கக் கூடும். ஆனால் தினம் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கப் பழகிக்கொண்டு, கால் பழகிய ஷூவோடுதான். வெறுங்கால் நடை மட்டும் இனி எந்த வருடமும் உங்களுக்கு வேண்டாம்.