கத்திப்பிடி தந்தம் என்கிறார் வியாபாரி: கொடுக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். அம்மப்பா கல்முனையில் சலூன் வைத்திருந்தவர். பெரியமாமா தவறிய பிறகு அவரிடம் இருந்த றங்குப்பெட்டி எங்களுக்கு வந்தது. மூன்று மடக்குச் சவரக்கத்தி, தீட்டுகிற தோல்வார், முடிவெட்டும் கை மிஷின், கடையில் தொங்கிய விலைப்பலகை எல்லாம் இருக்கின்றன. முடிவெட்டும் கதிரையும் உண்டு. ஒரு கத்தியின் வெள்ளைப் பிடி யானைத் தந்தம் என்று கொழும்பு வியாபாரி ஒருவர் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 15,000 ரூபாய் தருகிறாராம். கனடாவில் உள்ள தம்பி அந்தக் கத்தியைக் கேட்கிறான். என்ன செய்ய?

பதில்: இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள். 'தந்தம்' என்ற சொல்லை இந்த ஆட்கள் இரண்டு தரம் எடுப்பார்கள். முதல் நாள் ஆசை காட்ட. நீங்கள் தயங்கினால் அடுத்த நாள், "தந்தம் வீட்டில இருந்தா பொலிஸ் கேஸ்" என்று வெருட்ட. உங்கள் கண் கத்தியிலேயே இருக்கும்போது கதிரையைச் சும்மா சேர்த்து லொறியில் ஏற்றிவிடுவார்கள். மட்டக்களப்பில் இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். "இந்தத் தொழில் சாமானை ஏன் பிள்ளை இன்னும் வச்சிருக்கிறீங்க" என்றும் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்குக் கூசி, கத்தி சாமான் வைக்கிற அடைப்பப் பையோடு பழைய இரும்புக்காரனுக்குப் போட்ட வீடுகள் எத்தனையோ. நீங்கள் கூச வேண்டாம். ஊரில் மாப்பிள்ளையான அத்தனை பேரும் அம்மப்பாவின் கைக்கு முகத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மணவறைக்குப் போயிருப்பார்கள்.

பிடியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கொப்பித்தாளில் போட்டதுபோல ஒரே அளவான நேர்கோடுகள் ஓடினால் அது செலுலாய்ட், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். தந்தத்தின் கோடுகள் வளையும், மங்கும், ஒரே அளவில் இராது. சின்னக் கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. பெருவிரலால் சூடு வரத் தேய்த்து மணந்தும் பாருங்கள். செலுலாய்ட் செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள், அந்த வாசம் வரும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். அந்தக் காலத்துச் சினிமாப் பிலிமும் இதே சாமான்தான், தீப்பிடித்தால் குப்பென்று எரியும்.

கத்தியைச் சுத்தம் செய்ய உப்புத்தாள், புளி, தேங்காயெண்ணெய் மூன்றும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துணியில் சுற்றி மூடிவைத்தால் போதும். ஆனால் செலுலாய்ட் பிடிக்கு இந்த 'மூடிவைப்பது' ஆகாது. அது பழசானால் அழுகும். அதில் இருந்து கிளம்பும் அமில ஆவி தன் அலகையும் தின்னும், பக்கத்தில் கிடக்கும் கத்தியையும் தின்னும். கடற்காற்றில் வந்த துரு அலகு முழுக்கப் பரவும். பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் பகுதி மட்டும் அரித்திருந்து, பிடியும் வெடித்தோ பிசுபிசுத்தோ இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அந்தக் கத்தியை இன்றைக்கே பெட்டியில் இருந்து எடுத்து, பொலித்தீன் சுற்றாமல், காற்றுப்படும் இடத்தில் தனியே வையுங்கள். நல்ல கத்திகள் பெட்டிக்குள்ளேயே பாழானதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

வயதை அறிய அலகுக்கும் ஆணிக்கும் நடுவில் உள்ள தட்டையான இடத்தைப் பாருங்கள். அங்கே ஊர்ப்பெயர் வெட்டியிருக்கும். ஷெஃபீல்ட் என்றால் இங்கிலாந்து, சோலிங்கன் என்றால் ஜெர்மனி. நாட்டின் பெயரும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது. இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா அந்த ஆண்டு சட்டம் போட்டது. கை மிஷினுக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். கதிரையைத்தான் விடக்கூடாது. கால் வைக்கும் தட்டிலும் அடிப்பாகத்திலும் பெயர் தேடுங்கள். 1921இல் ஒசாகாவில் தொடங்கிய தகாரா நிறுவனத்தின் பெயரோ, அமெரிக்கக் கோக்கன், பைடார் பெயர்களோ இருந்தால் மூன்று கத்தியையும் சேர்த்தாலும் அந்தக் கதிரைக்கு ஈடாகாது.

தம்பிக்கு அனுப்பும் கத்தியின் பிடி செலுலாய்டோ எலும்போ என்றால் விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போகலாம், கைப்பையில் போகாது. தந்தம் என்றால் அனுப்பவே வேண்டாம். ஆசிய யானைத் தந்தத்துக்கு 1975 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. முறைப்படி அனுமதி எடுக்கலாமே என்பீர்கள். இப்படி ஒரு பரம்பரைச் சாமானுக்காக நான் ஒரு அலுவலகத்துக்கு மூன்று தரம் போனேன். ஒருவர் அடுத்த மேசைக்கு அனுப்பினார், அந்த மேசை கொழும்புக்குப் போகச் சொன்னது, தமிழில் ஒரு படிவம்கூடக் கிடைக்கவில்லை. நேர்மையாகக் கேட்க வருபவரை இப்படி அலையவிட்டால் சனம் தரகரிடம் போகாமல் வேறு எங்கே போகும்?

விலைப்பலகைக்குப் புதுப் பெயின்ற் அடிக்காதீர்கள். அதில் 'சிலோன்' என்று இருந்தால், பெரும்பாலும் நாடு பெயர் மாறிய 1972க்கு முந்தியது. 1978 சூறாவளிக்கும் சுனாமிக்கும் தப்பி எங்கள் கரையில் மிஞ்சிய கடைப்பலகைகள் கொஞ்சம்தான். கடை எந்த வீதியில் இருந்தது, எப்போது திறந்தது, யார் யார் வேலை செய்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். விற்பதானால் கதிரையைத் தனியாக, குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேட்டு விற்கலாம். பலகையை மட்டும் உங்கள் வீட்டுச் சுவரிலேயே மாட்டுங்கள்.