டி செல்களுக்குக் கடிவாளம் போடுவது யார்? – கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): கிருமிகளைத் தாக்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் நம் உடலை மட்டும் எப்படி விட்டுவைக்கின்றன?

பதில்: எல்லா டி செல்களும் விட்டுவைக்கும் குணத்தோடு பிறப்பதில்லை. எதைப் பற்றுவது என்று தீர்மானிக்கும் ஏற்பி, மரபணுத் துண்டுகள் தாறுமாறாகச் சேர்வதால் அமைகிறது. ஆகவே சொந்தப் புரதத்தையே பற்றும் செல்களும் உருவாகத்தான் செய்யும். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் நடக்கும் சோதனையில், அப்படி இறுகப் பற்றும் செல்களில் பெரும்பாலானவை மடிகின்றன.

கேள்வி (உயிரியல் ஆசிரியர்): இன்சுலின் கணையத்தில் சுரப்பதாயிற்றே, தைமஸில் எப்படிச் சோதிக்க முடியும்?

பதில்: தைமஸின் உட்பகுதிச் செல்களில் இயங்கும் ஏயர் என்ற மரபணு, பிற உறுப்புகளுக்கே உரிய பல புரதங்களை அங்கேயே சிறிதளவு தயாரிக்க வைக்கிறது. அது பழுதானவர்களுக்குப் பாராதைராய்டு, அட்ரினல் சுரப்பிகள் தாக்கப்படுகின்றன.

கேள்வி (அதே ஆசிரியர்): அந்தச் சோதனையிலும் தப்பியவை?

பதில்: விடை எலிகளிடமிருந்து கிடைத்தது. பிறந்து 3 நாளான சுண்டெலியின் தைமஸை அகற்றினால் எதிர்ப்பாற்றல் தளரும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்ததோ நேர்மாறு, அதன் டி செல்கள் சூலகத்தையும் தைராய்டையும் தாக்கின. ஆரோக்கியமான எலியின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தியபோது அந்தத் தாக்குதல் தடுக்கப்பட்டது. அப்படியானால் டி செல்களை அடக்கும் டி செல்களும் இருக்க வேண்டும். இக்கருத்து மதிப்பிழந்து கிடந்த காலத்திலும் விடாமல் தேடிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, 1995இல் செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி25 என்ற புரதத்தை அடையாளமாகக் கொண்டு அவற்றைப் பிரித்துக் காட்டினார். அந்தப் பிடிவாதம்தான் எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி. மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களில் இறந்துவிடும் ஆண் எலிகளை ஆராய்ந்து, 2001இல் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் பழுதே காரணம் என்று கண்டனர். அடக்கும் செல்களை உருவாக்குவதே அந்த மரபணு என்பது பின்னர் தெளிவாயிற்று. மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி (நோயாளியின் மகன்): அப்பாவுக்குப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி தருகிறார்கள். இப்போது தைராய்டு குறைந்துவிட்டது. தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்ற பிரேக் உண்டு. புற்றுநோய்ச் செல்கள் அதை அழுத்தித் தப்பிக்கின்றன. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்து என்றால், கட்டியைத் தாக்கும் செல்களோடு தைராய்டையோ குடலையோ தாக்கும் செல்களும் விடுபடக்கூடும். தைராய்டு குறைவை மாத்திரையால் ஈடுகட்டலாம், பெரும்பாலும் சிகிச்சையை நிறுத்த வேண்டியிருக்காது. ஆனால் வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ புதிதாகத் தோன்றினால், அடுத்த ஊசி நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.