வாசகர் கேள்வி – பதில்: மாடில்லாத உழவு

கேள்வி: திருட்டுக் குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஜேம்ஸ் ரூஸ், அங்கே கோதுமை விளைவித்துக் காட்டினாராமே? உழவு மாடே இல்லாமல் எப்படி முடிந்தது? நம் மானாவாரிக் கொல்லைக்கு அதில் ஏதாவது உதவுமா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: 1788-ல் சிட்னியில் இறங்கிய முதல் கைதிகளோடு வந்த மாடுகள் சில மாதங்களிலேயே காட்டுக்குள் போய்விட்டன. விதைக் கோதுமையும் எட்டு மாதக் கப்பல் பயணத்தில் வெப்பம் தாக்கிக் கெட்டிருந்தது. அதனால் அரசுப் பண்ணையில் முதல் விதைப்பு வீணானது. 1789 நவம்பரில் ஆளுநர் ஆர்தர் பிலிப், சிட்னியை அடுத்த பரமட்டாவில் ஒன்றரை ஏக்கரையும் ஒரு குடிசை, கருவிகள், விதை, 2 பெண் பன்றிகள், 6 கோழிகளையும் ரூஸுக்குக் கொடுத்தார். அது பூர்வகுடிகளான பர்ரமட்டகல் மக்களின் நிலம். அவர்களை யாரும் கேட்கவில்லை.

ரூஸ் விழுந்து கிடந்த மரங்களை எரித்தார். சாம்பலை மண்ணுக்குள் வெட்டிப் புதைத்தார். மண்வெட்டியால் ஒரு நாளைக்கு 5 சென்ட், மிஞ்சினால் ஐந்தரை சென்ட், அதற்கு மேல் கொத்தவே மாட்டார். வெற்றியின் அடிப்படை இந்த நிதானம்தான். அரசுப் பண்ணையில் மேலாகச் சுரண்டியதோடு விட்டார்கள். இவர் கட்டிகளை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே தள்ளி, வெயிலும் காற்றும் படும்படி முடிந்தவரை ஆறப் போட்டார். நம் கோடை உழவு போலத்தான். விதைக்கும் முன் மறுபடி ஒரு கொத்து. கோதுமை விதைத்தது மே, ஜூனில். நமக்கு வைகாசி, ஆனி, அங்கே குளிர் தொடங்கும் காலம். அறுவடைக்குப் பின் வைக்கோலைக் குழியில் மக்கவிட்டு எருவாக்கத் திட்டமிட்டார்.

1791 பிப்ரவரியில் அரசு ரேஷன் இனி வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அவர் பெற்ற 30 ஏக்கர்தான் அந்தக் காலனியின் முதல் நிலப் பட்டா. ஏறக்குறைய அதே காலத்தில், 1792-ல், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாரமகால் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது.

உங்கள் கொல்லைக்கு ஆறப் போடுவதும் களையை உள்ளே மடக்குவதும் பொருந்தும். சுக்கான் கல் தெரியும் மண்ணில் சாம்பல் வேண்டாம். சுண்ணாம்புத் தன்மை இன்னும் ஏறும். கேழ்வரகுத் தாளைக் குழியில் போடாதீர்கள். மாட்டுக்குப் போட்டால் சாணமாகத் திரும்பி வரும். ரூஸுக்கு அந்த வழி இல்லை.

கேள்வி: தண்டனை முடிந்ததும் அவர் ஏன் ஊர் திரும்பவில்லை?
- வாசகி, காரிமங்கலம்

பதில்: இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1782-ல் அவருக்கு விதித்த மரண தண்டனையை 7 ஆண்டு நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். அதில் 5 ஆண்டு பிளிமத் துறைமுகத்தில் நின்ற சிறைக்கப்பலிலேயே கழிந்தது. எனவே 1789-லேயே தண்டனை முடிந்துவிட்டது. ஆனால் கைதிகளின் தண்டனைப் பதிவேடுகள் இங்கிலாந்திலிருந்து வந்து சேராததால் அதை நிரூபிக்க வழியில்லை. திரும்பும் செலவையும் அரசு ஏற்கவில்லை. ஆண்கள் மாலுமி வேலை பார்த்தபடியே கப்பலேறிப் போகலாம். பெண்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. 1790-ல் ரூஸ் மணந்த எலிசபெத் பெரியும் கைதியாக வந்தவர்தான்.