பழைய அரத்தில் நுண்கடைசல் உளி செய்யலாமா?

சதுரங்கக் காய்களின் கழுத்தைக் கடைய, பழைய அரத்தைச் சாணையில் தீட்டி உளியாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே தீட்டிப் பயன்படுத்தாதீர்கள். அரத்தின் எஃகு கண்ணாடி போல முறியும். சுழலும் மரம் கவ்வினால் துண்டு முகத்துக்குப் பாயும்.

அதற்குப் பதில், 6 மி.மீ. உருண்டை எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) கம்பி 100 மி.மீ. நீளம் போதும். பிடியில் 40 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, வாயில் பித்தளைப் பூண் மாட்டி, எபாக்சிப் பசை வைத்துக் கம்பியை இறக்குங்கள்.

தவறெல்லாம் முனையில்தான் நடக்கிறது. கம்பியின் மேற்புறத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தட்டையாக்கி, இரு பக்கமும் சரித்து ஈட்டிமுனை எடுங்கள். விளிம்புக் கோணம் சுமார் 70 டிகிரி. தீட்டும்போது எச்எஸ்எஸ் நீலம் பாய்ந்தாலும் கடினம் போகாது. ஆனால் அந்தச் சூட்டோடு தண்ணீரில் முக்கினால் நுண்வெடிப்பு விழுந்து விளிம்பு உதிரும், தானாக ஆறட்டும். கார்பன் எஃகு இதற்கு நேர்மாறு: நீலம் வந்தால் கடினம் போயிற்று, ஆகவே சூடேறும் முன்பே அடிக்கடி நனைக்க வேண்டும்.

சாணை பிடித்ததும் மேல்விளிம்பில் விரலுக்குச் சொரசொரவெனத் தட்டுப்படும் பிசிர்தான் மரத்தைச் சீவுகிறது. கருங்காலி போன்ற அடர்ந்த மரத்தில் மெல்லிய சுருள் வர வேண்டும். வெறும் தூள் கொட்டினால் பிசிர் தேய்ந்துவிட்டது. மேல்முகத்தை 600 எண் வைரத் தகட்டில் தேய்த்துவிட்டு, சரிவைச் சாணையில் ஒருமுறை தொட்டெடுங்கள். கடைசல் எந்திரத்தில் உளியை வைக்கும் தாங்கியைத் தாண்டி 15 மி.மீ.க்கு மேல் உளியை நீட்டினால் அதிரும். பிடியைச் சற்று உயர்த்தி, முனை தாழ்ந்திருக்கும்படி பிடித்தால் கவ்வாது.