மகளின் சுயவிபரக்கோவையில் மேலே வரவேண்டிய ஐந்து வரிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளின் சுயவிபரக்கோவையை ஆறுதலாக வாசித்தேன். பட்டம் பெற்று ஒன்றரை வருடமாகியும் ஒரு நேர்முகப் பரீட்சைக்குக்கூட அழைப்பு வரவில்லையே என்று நீங்கள் கவலைப்படுவது நியாயந்தான். ஆனால், நீங்கள் சந்தேகிப்பதுபோலப் பெறுபேறுகளிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பெற்ற வணிகமாணிப் பட்டத்திலோ எனக்குக் குறை எதுவும் தென்படவில்லை. திருத்தவேண்டியது முதற்பக்கத்தில், பெயருக்கும் முகவரிக்கும் கீழே தன்னைப் பற்றிய அறிமுகமாகப் பிள்ளை எழுதியிருக்கும் அந்த ஐந்து வரிகளைத்தான்.

சவால்மிக்க சூழலில் தன் அறிவையும் ஆற்றலையும் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைக்க விரும்பும் கடின உழைப்பாளி என்ற கருத்தில் அங்கே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இதே வாசகம், சில வேளைகளில் அதே எழுத்துப்பிழையுடன், என்னிடம் வரும் பிள்ளைகள் பலரின் கோவைகளிலும் இருக்கிறது. தட்டச்சு நிலையத்துக் கணினியில் கிடக்கும் ஒரு மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சிடுவதால் வரும் வினை இது. இதில் பொய் எதுவும் இல்லை என்றாலும், கணக்கு உதவியாளர் ஒருவரைத் தேடும் முகாமையாளர் இதை வாசித்து உங்கள் மகளுக்கு எந்த வேலை தெரியும் என்பதை அறிந்துகொள்ள வழியில்லை. மேசையில் விண்ணப்பங்கள் குவிந்திருக்கும்போது அவர் அடுத்ததைப் புரட்டிவிடுவார். தனக்கு என்ன வேண்டும் என்பதைப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். தன்னால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லவில்லை.

நேற்று மகளுடன் தொலைபேசியில் பேசியபோது, கணக்காய்வு நிறுவனத்தில் பெற்ற ஆறு மாத உள்ளகப் பயிற்சியில் என்ன செய்தாள் என்று கேட்டேன். “அங்கை உதவியாத்தான் இருந்தனான் சேர்” என்றாள். காலையில் அலுவலகத்துக்குப் போனதும் முதலில் எந்தக் கோப்பை எடுப்பாய் என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் விடயம் வெளியே வந்தது. வாடிக்கையாளர்களின் காசேட்டையும் வங்கிக்கூற்றையும் ஒப்பிட்டு வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுகளைத் தயாரித்திருக்கிறாள். ஒரு கடையின் 18 ஊழியர்களுக்கு மாதச் சம்பளப் பட்டியல் போட்டு, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கான 8 வீதத்தையும் முதலாளியின் பங்கான 12 வீதத்தையும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதத்தையும் கணித்திருக்கிறாள். இவற்றில் ஒன்றுகூடக் கோவையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. “உள்ளகப் பயிற்சி, ஆறு மாதம்” என்பதோடு விட்டுவிட்டாள். யாழ்ப்பாணத்தில் நடுத்தர அளவில் தொழில் நடத்தும் ஒருவருக்கு, சேமலாப நிதிக் கணிப்பைப் பிழையின்றிச் செய்யக்கூடிய ஒரு பிள்ளை கிடைப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் கணவரே கடை நடத்தியவர்தானே.

ஆகவே அந்தப் பகுதி ஏறக்குறைய இவ்வாறு அமையலாம்: “வணிகமாணிப் பட்டதாரி. கணக்காய்வு நிறுவனமொன்றில் ஆறு மாத உள்ளகப் பயிற்சியின்போது வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுகளையும், 18 ஊழியர்களுக்கான மாதச் சம்பளப் பட்டியலையும் சேமலாப நிதிக் கணிப்புகளுடன் தயாரித்த அனுபவம் உண்டு. எக்செல், குவிக்புக்ஸ் ஆகிய மென்பொருள்களில் கணக்குப் பதிவுகளை மேற்கொள்ள முடியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதத் தொடர்புகளைக் கையாளவும், சிங்களத்தில் உரையாடவும் இயலும். கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கப்படுகிறது.” இதில் ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர்மை, பொறுப்புணர்வு, கூட்டாக உழைக்கும் பண்பு எல்லாம் உங்கள் மகளிடம் நிச்சயம் இருக்கும். ஆனால், அவற்றைத் தானே தன்னைப் பற்றிச் சொல்லி எவரையும் நம்பவைக்க முடியாது. செய்த வேலையைச் சொன்னால், வாசிப்பவர் குணத்தைத் தானே ஊகித்துக்கொள்வார்.

மொழி பற்றிய வரியில் மிகுந்த அவதானம் தேவை. மும்மொழிப் புலமை என்று எழுதுவது எங்கள் பிள்ளைகளிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. கொழும்பில் தலைமையகம் உள்ள நிறுவனங்களில் நேர்முகப் பரீட்சை நடத்துபவர் சிங்களத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டவுடன் உண்மை நிலை தெரிந்துவிடும். அதன் பிறகு கோவையில் உள்ள மெய்யான தகவல்களையும் அவர் சந்தேகத்துடனேயே பார்ப்பார். பேச முடியும், எழுத முடியாது என்றால் அப்படியே எழுதட்டும்.

லண்டனில் இருக்கும் தம்பி புதிதாக ஒன்றை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அவருடைய அக்கறை பெரிது. ஆங்கில இலக்கணத்தைப் பார்த்துத் திருத்தித் தரும்படி அவரிடம் தாராளமாகக் கேட்கலாம். எழுதுவது பிள்ளையாகவே இருக்கவேண்டும். மாமன் எழுதிய சரளமான ஆங்கிலத்தைத் தாளில் கொடுத்துவிட்டு, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற முதற் கேள்விக்கே தடுமாறி நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். தானே எழுதியவள் அந்தக் கேள்விக்கு இந்த ஐந்து வரிகளையே விரித்துப் பேசலாம்.

ஒரு முறை எழுதியதை எல்லா இடத்துக்கும் அனுப்பக்கூடாது. ஒவ்வொரு பதவிவெற்றிடத்தின் விளம்பரத்தையும் அருகில் வைத்துக்கொண்டு, அதில் கேட்கப்படும் வேலைகளில் தான் உண்மையில் செய்தவை எவை என்று பார்த்து அவற்றை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். வங்கியின் பயிலுநர் பதவியென்றால் வாடிக்கையாளருடன் பழகிய அனுபவமும் சிங்களப் பேச்சும் முதலில் வரட்டும். கணக்குப் பிரிவென்றால் சம்பளப் பட்டியல் முதலில் வரட்டும். பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளே வடிகட்டுவதால், விளம்பரத்தில் உள்ள தொழிற்சொற்களை, பொருந்துமிடத்தில், அதே வடிவில் பயன்படுத்துவதும் நல்லது. வர்த்தமானியில் வரும் அரச பதவிகளுக்கு இந்தச் சிரமம் இல்லை. அவற்றுக்குரிய மாதிரிப் படிவத்தை நிரப்பினால் போதும்.

அரச நியமனத்தை எதிர்பார்த்திருந்த ஒன்றரை வருட இடைவெளியைப் பற்றி அந்த ஐந்து வரிகளில் விளக்கம் எழுதவேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வேண்டாம். அந்தக் காலத்தில் சாதாரண தர மாணவர்களுக்கு வீட்டில் வணிகப்பாடம் கற்பித்ததை அனுபவப் பகுதியில் ஆண்டுடன் குறிப்பிட்டால் இடைவெளி தானாகவே நிரம்பிவிடும். தந்தையின் தொழில், சமயம், சகோதரர்களின் பதவிகள் ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை கலியாணத் தரகருக்குக் கொடுக்கும் குறிப்பில் இருக்கட்டும்.

உங்கள் மகனைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவரிடம் பட்டம் இல்லாவிட்டாலும் மின்னிணைப்பில் தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழ் இருக்கிறது. அந்த மட்டத்தையும், தானே மின்னிணைப்புச் செய்த வீடுகளையோ கடைகளையோ பற்றிய ஒரு வாக்கியத்தையும் முதல் வரியிலேயே போட்டால் போதும்.

மகள் தன் வரைவைத் தமிழில் எழுதி, விண்ணப்பிக்க விரும்பும் இரண்டு விளம்பரங்களுடன் எனக்கு அனுப்பட்டும். ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையை அதன் பிறகு அவளுடன் சேர்ந்திருந்து பார்க்கலாம். அன்றைக்கு அவளைத் தனியே அனுப்பிவையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்னுடைய கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.